அட்டை ஏந்திய அம்மாள்

கோயில் தேர் வீதிக்கு வந்தால் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்கள் ஏராளம். இறங்கி வந்து வடம் பிடிப்பவர்கள் சிலர்தான். நியூயார்க் நகரில் ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசி ஞாயிறன்று நடக்கும் 'ப்ரைடு' ஊர்வலத்தின் கதையும் அப்படித்தான், வாசகியரே!

ப்ரைடு என்றால் பெருமை. ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், திருநங்கையர், திருநம்பியர் எல்லாரும் தலை நிமிர்ந்து நடக்கும் விழா அது.

1969 ஜூன் 28 அதிகாலையில், ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸார் சோதனை போட்டார்கள். அங்கிருந்தவர்கள் வழக்கம்போல் ஓடி ஒளியவில்லை, எதிர்த்து நின்றார்கள். அந்த நாளின் நினைவாக வருஷா வருஷம் ஊர்வலம் போகலாம் என்று யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் கிரெய்க் ராட்வெல் என்ற புத்தகக் கடைக்காரர். அவருடைய சிறிய ஜாகையில் சிலர் கூடி ஏற்பாடு செய்தார்கள். கடை வாடிக்கைக்காரர்களின் விலாசங்களுக்குக் கடிதங்கள் பறந்தன.

1970 ஜூன் 28 வந்தது. போலீஸ் அனுமதி அன்று காலையில்தான் கைக்கு வந்ததாம்! யார் கல்லெறிவார்களோ என்ற பயத்தில், நடையே ஓட்டமாகிவிட்டது. ஆனால் வழிநெடுகப் பலர் வந்து சேர்ந்துகொள்ள, முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தின் வால் தெரியவில்லை!

எல்லாம் சரி, இவர்களைப் பெற்றவர்கள் எங்கே?

1972 ஏப்ரலில், துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போன மார்ட்டி என்ற இளைஞனை அடித்துப் போட்டார்கள். அவன் தாய் ஜீன் மான்ஃபோர்டு, ஆரம்பப் பள்ளி ஆசிரியை, சாது. ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? தன் மகன் ஆணை நேசிப்பவன்தான் என்றும், அவனைத் தாம் நேசிப்பதாகவும் பத்திரிகைக்கே பகிரங்கமாக எழுதிவிட்டார்.

அந்த ஜூன் ஊர்வலத்துக்கு மகன் அழைத்தான். "அட்டை பிடிக்க விடுவதானால் வருகிறேன்" என்றார் அம்மாள். பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு ஆதரவாக ஒன்றுசேருங்கள் என்ற வாசகத்தை ஏந்தி நடந்தார். ஒரே ஆரவாரம்! பின்னால், குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற டாக்டர் ஸ்பாக் வந்துகொண்டிருந்தார். கைதட்டல் அவருக்குத்தான் என்று அம்மாள் நினைத்தார். இல்லை, எல்லாம் அவருக்கே! இளைஞர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். "எங்கள் அம்மாவிடமும் வந்து பேசுவீர்களா?" என்று கெஞ்சினார்கள்.

1973 மார்ச்சில் ஒரு மாதா கோயிலில் இருபது பேரளவில் பெற்றோர் கூடினார்கள். அதுவே பிற்பாடு 'பிஃப்ளாக்' என்ற பெரிய சங்கமாக வளர்ந்தது. மார்ட்டி 1992-ல் காலமானான். அம்மாள் 2013 ஜனவரியில், தம் 92-வது வயதில் மறைந்தார். அடுத்த மாதமே ஜனாதிபதி ஒபாமா அவருக்குரிய பதக்கத்தை அவருடைய மகளிடம் வழங்கினார்.

ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கப் போலீஸ் இருக்கிறது. பிள்ளை தலை நிமிர்ந்து நடப்பதற்கான அனுமதியை வீட்டில் நாம்தானே கொடுக்க வேண்டும், சகோதரிகளே?