முற்றுகைக்குள் ஒரு நாடகாசிரியர்

1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து 1995 இறுதி வரை யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரி, மருந்து ஆகியவை தடுக்கப்பட்டன அல்லது அளந்தே விடப்பட்டன, குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதால், வெளியேறுவோர் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தனர். போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையுமளவே மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய 'ஜாம் போத்தல் விளக்கு' வீடுதோறும் எரிந்தது. அந்த ஆண்டுகளில் அங்கேயே தங்கி நாடகம் எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025).

பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, முறையான நாடகப் பயிற்சிக்கு வழிவகுத்தார். க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்', போரில் அலைக்கழிந்த எளிய மக்களின் பாட்டைப் பேசியது. அதன் தலைப்பு, பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட இறைவனின் கதையை வைகைக்கரை மக்களுக்கு உடனே நினைவூட்டும்.

தடைக்காலத்தில், 1991இல், எழுதப்பட்ட 'அன்னை இட்ட தீ' போர் தந்த மனவடுவைக் கையாண்டது. மனவடு என்பது, உடற்காயம் ஆறியும் தழும்பு நிற்பதுபோல, பேரிடர் கடந்த பின்னும் தூக்கமின்மையாகவும் திடுக்கீடாகவும் பேச இயலாத துயரமாகவும் உள்ளத்தில் தங்கும் பாதிப்பு. தனியே சுமந்த துயரத்தை மேடையில் இன்னொருவர் வாயிலாகக் கேட்டு, பலரோடு அமர்ந்து அழ முடிந்தபோது, நாடகம் ஆற்றுப்படுத்தும் பணியையும் செய்தது. அடுத்து வந்த 'எந்தையும் தாயும்', பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் ஊரில் தனித்த முதியோரைப் பற்றியது.

1993இல் முற்றுகைக்குள்ளிருந்த போஸ்னியாவின் சரயேவோ நகரில், அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேடையேற்றியதை உலகம் வியந்து பேசியது. யாழ்ப்பாணத்திலோ, முற்றுகையின் துயரத்தை அதை அனுபவித்தவர்களே தம் மொழியில் நாடகமாக்கினர். அது உலகின் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை.

1995 அக்டோபர் 30இல் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறினர். அத்தகைய மக்களுக்கு முன்னரே குரலாக அமைந்த இந்நாடகங்களை, நிஜ நாடக இயக்கம் கண்ட மதுரையின் கல்லூரிகளும் வாடிப்பட்டி போன்ற ஊர்களின் பள்ளிகளும் படித்து மேடையேற்ற வேண்டும். அதற்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை.