இயற்கை கேட்கும் விலை



உயிர்களின் பரிணாமத்தைப் பற்றித் தேர்வில் கேள்வி வந்தால், பலரும் எழுதும் விடை ஒன்று உண்டு. "சூழ்நிலை மாறும்போது உயிரினங்கள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன" என்பதே அது. ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் இவ்விடையைத் திருத்தி வந்தவன் நான். இதை முற்றிலும் பிழையென்று தள்ளிவிட இயலாது. ஆயினும் இரண்டு கேள்விகளை இது மறைத்துவிடுகிறது. அம்மாற்றம் எத்தனை காலத்தில் நிகழும்? அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? இவ்விரண்டையும் இன்று ஆராய்வோம்.

ஜவ்வாது மலையிலிருந்து தொடங்குவோம். சாமைப் பயிருக்குப் பெயர்பெற்ற மலை இது. அங்கே ஒரு கொல்லையில் விளைந்து நிற்கும் சாமையில், பத்தாயிரம் செடிகளுக்கு ஒன்று, மற்றவற்றைவிடப் பத்து நாள் முன்னதாக முற்றும் இயல்புடையது என்று வைத்துக்கொள்வோம். மழை முன்கூட்டியே ஓய்ந்துவிடும் ஆண்டுகளில் அச்செடியே தப்பிப் பிழைக்கும். கூர்ந்து நோக்கும் உழவர் அதன் கதிரைக் கண்டுகொண்டு தனியே எடுத்து வைப்பார். ஒரு செடியில் பல நூறு மணிகள் விளைவதால், சில போகங்களிலேயே கொல்லை முழுவதும் அவ்வினம் நிறைந்துவிடும். விதைக்கு வேண்டாமென்று விலக்கப்பட்ட தானியமும் வீணாவதில்லை. அது உலைக்குப் போகிறது.

இயற்கைக்கோ கதிரைக் கிள்ளி எடுக்கும் கை இல்லை. அதன் தேர்வு ஒரே வழியில்தான் நடைபெறுகிறது: சூழ்நிலைக்குப் பொருந்தாதவை மடிய வேண்டும், அல்லது சந்ததியின்றி ஒழிய வேண்டும். ஒரு புதிய மரபணு பழையதன் இடத்தைப் பிடிக்கிறது என்றால், பழையதைத் தாங்கிய உயிர்கள் தலைமுறைதோறும் கூடுதலாக மடிந்து வந்தன என்பதே பொருள். காட்டுத் தீயும் பெருவெள்ளமும் வேறுபாடு பார்த்து அழிப்பதில்லை. ஆதலால் அத்தகைய சாவுகள் இக்கணக்கில் சேரா. வேறுபாடு பார்த்து நிகழும் சாவுகளே இயற்கைத் தேர்வு கேட்கும் விலை.

இவ்விலையை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞர். இங்கிலாந்தில் பிறந்த அவர், 1957-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். பின்னர் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் நம் நாட்டுக்கு வந்த அதே 1957-இல்தான், இயற்கைத் தேர்வின் விலை பற்றிய கட்டுரையைத் தாம் பதிப்பித்து வந்த மரபியல் இதழில் வெளியிட்டார்.

அவர் கண்ட முடிவு வியப்பானது. தேர்வு கடுமையாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும், செலுத்த வேண்டிய மொத்த விலை ஏறத்தாழ ஒன்றேதான். ஒரு கடனைப் பெருந்தவணைகளில் விரைவாக அடைக்கலாம். சிறுதவணைகளில் நெடுநாள் அடைக்கலாம். முதல் குறைவதில்லை அன்றோ? புதிய மரபணு தொடக்கத்தில் எவ்வளவு அரிதாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கடனும் மிகுதி.

ஒரு மரபணு மாற்றத்துக்கு, ஒரு தலைமுறையின் தொகையைப்போல் சுமார் 30 மடங்கு சாவுகள் வேண்டும் என்று ஹால்டேன் மதிப்பிட்டார். ஒரு பள்ளத்தாக்கில் 1,000 விலங்குகள் வாழ்வதாகக் கொண்டால், மொத்த விலை 30,000 உயிர்கள். அக்கூட்டம் தலைமுறைக்குப் பத்தில் ஒரு பங்கை, அதாவது 100 உயிர்களை இழந்தும் தழைக்க வல்லதாயின், கடன் தீர 300 தலைமுறைகள் ஆகும். ஆண்டுக்கொரு முறை விளையும் பயிருக்கு இது 300 ஆண்டு. தலைமுறைக்கு 25 ஆண்டு கொள்ளும் மனித இனத்துக்கோ 7,500 ஆண்டு!

"இதைவிட விரைவாக மாற்றம் நிகழ்ந்ததே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நிகழ்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1848-இல் ஒரு கரிய அந்துப்பூச்சி பிடிபட்டது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்த அப்பகுதியில், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்வினப் பூச்சிகளில் மிகப் பெரும்பாலானவை கரியவையாகிவிட்டன. ஆனால் அது ஒரே ஒரு பண்பில் நேர்ந்த மாற்றம். ஒவ்வொன்றும் பாதி உயிர்களைப் பலிகொள்ளும் பத்துப் பண்புகள் ஒரே சமயத்தில் மாற வேண்டுமென்றால், பாதியில் பாதி, அதிலும் பாதி என்று குறைந்து, 1,024-க்கு ஒன்றே எஞ்சும். பல பிள்ளைகளைப் பெறும் இனம் அதையும் தாங்கக்கூடும். சில பிள்ளைகளையே பெறும் இனம் மாறுவதற்கு முன்னரே அழிந்துபோகும்.

ஹால்டேனின் கணக்குக்கு மறுப்பும் எழுந்தது. அவரே தம் முடிவுகள் பெரிதும் திருத்தப்படக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். ஒரே சாவு பல கடன்களைச் சேர்த்து அடைக்கலாம் என்று 1968-இல் ஜான் மேனார்டு ஸ்மித் போன்றோர் வாதிட்டனர். குறைபாடுகள் பல ஒருங்கே அமைந்த உயிர் ஒன்று மடிந்தால், அக்குறைகள் அனைத்துமே சேர்ந்து குறைகின்றன அல்லவா? அதே 1968-இல் ஜப்பானிய அறிஞர் மோட்டூ கிமுரா இக்கணக்கை வேறொரு வழியில் பயன்படுத்தினார். மரபுப் பொருளில் காணப்படும் மாற்றங்கள், இவ்விலை கொடுத்து வாங்க முடியாத அளவு மிகப் பல. ஆகவே அவற்றில் பெரும்பாலானவை நன்மையோ தீமையோ இன்றித் தற்செயலாக நிலைபெற்றவையாக இருக்க வேண்டும் என்றார். ஆக, 300 என்ற எண்ணை இன்று எவரும் மாறாத விதியாகக் கொள்வதில்லை. எனினும் மாற்றத்துக்கு ஒரு வேக வரம்பு உண்டு என்பதும், அவ்வரம்பு பிறப்பின் மிகுதியையும் தலைமுறையின் நீளத்தையும் பொறுத்தது என்பதும் நிலைத்த உண்மைகள்.

மீண்டும் ஜவ்வாது மலைக்கு வருவோம். சாமைக்குப் பெயர்பெற்ற அதே மலை சந்தனத்துக்கும் பெயர்பெற்றது. இலைகள் சிறுத்து, விறைத்து, மரமே பட்டுப்போகும் 'ஸ்பைக்' என்னும் சந்தன நோய் 1899-இல் குடகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அத்தகைய நோயைத் தாங்கும் மரபணு காட்டில் ஏதோ ஒரு மரத்தில் இருக்கலாம். ஆனால் சாமை ஆண்டுதோறும் புதுத் தலைமுறை காண்கிறது. சந்தனம் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு மரம் கோடரிக்கு இரையாகிவிட்டால், கடன் அடைக்கும் முதலே பறிபோனதாகும். பின்னர் எத்தனை தலைமுறை காத்திருந்தாலும், தேர்ந்தெடுப்பதற்கு அங்கே ஒன்றும் இராது.

ஆகவே, "இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்" என்று எவரேனும் கூறினால், எத்தனை தலைமுறையில் என்று கேளுங்கள். யார் யார் மடிந்து அவ்விலையைச் செலுத்துவர் என்றும் கேளுங்கள். சூழ்நிலையை நாம் பத்தாண்டில் மாற்றுகிறோம். மரமும் விலங்கும் நூற்றாண்டுகளில் மாறுகின்றன. இவ்விரு வேகங்களுக்கும் இடையே உள்ள தொலைவை நாம் உணர்ந்துவிட்டால், உழவர் வீட்டுக் குதிரில் பத்திரமாக இருக்கும் பலவகைச் சாமை விதைகளும், காட்டில் வெட்டுப்படாமல் நிற்கும் முதிய மரங்களும் எத்துணைப் பெருஞ்செல்வம் என்பது தானே விளங்கும்.