உள்ளே போனதை எப்படி எண்ணுவது?

மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் என் பாட்டி பல ஆண்டுகள் மருந்து அடித்தார். முதுகில் டப்பா, கையில் பம்பு. களைக்கொல்லி எவ்வளவு அவர் உடம்புக்குள் போனது என்று யாரும் அளந்ததில்லை. அவர் அடித்தவற்றில் ஒன்றான பாராகுவாட்டுக்கு மலேசியாவில் 2020இல்தான் தடை வந்தது.

அவருடைய மகன், என் மாமா, இரிடியம்-192 கொண்டு குழாய் வெல்டிங்கைப் படமெடுத்துச் சோதிக்கும் குழுவில் இருக்கிறார். சட்டையில் எப்போதும் ஒரு பேட்ஜ். "பேட்ஜ் இருக்குலா, பிறகு என்ன பயம்?" என்றார் போன தீபாவளிக்கு. படிவம் ஆறில் இயற்பியல் படிக்கும் எனக்குச் சந்தேகம் வந்தது. பாட்டிக்குப் போனது போல உள்ளே போய்விட்டால்?

பேட்ஜ் வெளியிலிருந்து வந்து விழும் கதிரைத்தான் கணக்கெடுக்கும். மாமாவின் இரிடியம் உலோக உறைக்குள் அடைத்து மூடியது. உறை உடையாதவரை பேட்ஜ் போதும். கதிரியக்கப் பொருளைத் தூளாகவும் திரவமாகவும் கையாளுகிறவர்களுக்கு அது போதாது. அவர்களைத்தான் முழு உடல் கதிர் அளவியில் நிற்க வைக்கிறார்கள், அல்லது உட்கார, படுக்க வைக்கிறார்கள்.

இது எக்ஸ்ரே போல உடலுக்குள் எதையும் செலுத்துவதில்லை. உடலிலிருந்து வெளியே வரும் காமா கதிர்களை எண்ணுகிறது, அவ்வளவே. எண்ணுவதற்கு நம் எல்லாரிடமும் ஏதாவது உண்டு. வாழைப்பழத்திலும் பருப்பிலும் இருந்து சேரும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு பொட்டாசியம்-40. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குள் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் இப்படிச் சிதைகின்றன. திரையில் 1,460 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அதன் முகடு தெரியும். நல்ல கருவியில் அது தெரியாவிட்டால் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும்! சீசியம்-137 உள்ளே போயிருந்தால் 662இல் இன்னொரு முகடு எழும்.

கருவிகளில் இரண்டு வகை முக்கியம். சோடியம் அயோடைடு படிகத்தைப் பெரிதாகச் செய்யலாம். நின்ற நிலையில் ஓரிரு நிமிடத்தில் ஒருவரைப் பார்த்துவிடும். ஆனால் அருகருகே உள்ள முகடுகளை ஒன்றாகக் குழப்பும். 662இல் அதன் முகடு சுமார் 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலம். ஜெர்மானியத்தில் 2க்கும் குறைவு. எந்தத் தனிமம் என்று பெயர் சொல்ல ஜெர்மானியமே கெட்டிக்காரன். விலைதான் அதிகம், குளிர்வித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். வேலை மாறும் நேரத்தில் வரிசையாக வருகிறவர்களுக்கு முதல் வகை, சந்தேகத்துக்கு உள்ளானவருக்கு இரண்டாவது வகை என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டுக்கும் தெரியாததும் உண்டு. 2009 நவம்பரில் கர்நாடகாவின் கைகா அணுமின் நிலையத்தில், தொழிலாளர்கள் குடிக்கும் தண்ணீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்திருந்தது. டிரிட்டியத்திலிருந்து வருவது மிக வலுவற்ற பீட்டா துகள். உடலைத் தாண்டி வெளியே வராது. எத்தனை விலையுயர்ந்த அளவியில் நிறுத்தினாலும் அது காட்டாது. காட்டிக்கொடுத்தது சிறுநீர்ப் பரிசோதனை.

நம் நாட்டில் பேராக், புக்கிட் மேராவின் அரிய மண் ஆலைக் கழிவில் இருந்தது தோரியம். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்த உத்தரவிட்டது. தோரியத்தை நேரடியாகக் காண்பது கடினம். அதிலிருந்து பிறக்கும் தாலியம்-208இன் 2,614 முகட்டை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அதற்கும் முன்பே தோரான் வாயுவாக ஒரு பகுதி மூச்சில் வெளியேறிவிடுகிறது.

இதையெல்லாம் சொன்னதும் மாமா, "அப்போ நானும் சிறுநீர்ப் பரிசோதனை கேட்கவா?" என்றார். வேண்டாம் மாமா, போன ஆண்டு உங்கள் பேட்ஜ் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள், ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் சட்ட வரம்பு என்றேன். இத்தனை நாளாக அந்தத் தாளை அவர் பார்த்ததே இல்லையாம். திங்கட்கிழமை கேட்கப் போகிறார்.