ஆபரேஷன் வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான்

வீட்டில் ஒரு நோயாளி - 9

எண்பதைத் தாண்டிய அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பது தெரிகிறது. வார்டுக்கு வெளியே குடும்பம் கூடுகிறது. "சுகர், பிரஷர் எல்லாம் இருக்கு. இந்த வயசுல உடம்பு தாங்குமா?" என்கிறார் மூத்த மகன். "புத்தூர் கட்டு போட்டுப் பார்ப்போமே" என்கிறார் மாமா. துபாயில் இருக்கும் தம்பி, "நான் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்கிறார். உடனிருந்து பார்த்துக்கொள்ளப்போகும் மருமகளை யாரும் கேட்பதில்லை. அம்மாவையும்தான்.

எலும்பு முறிவு வார்டுகளில் இது அன்றாடக் காட்சி. இந்தப் பேச்சில் பெரும்பாலும் ஒரு பயம்தான் எடைபோடப்படுகிறது: டேபிளிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? கட்டிலில் காத்திருக்கும் ஆபத்து கணக்கிலேயே வருவதில்லை.

விலகிப்போன கழுத்து முறிவில் எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் பெரும்பாலும் கெட்டுவிடும். வெளியே போடும் கட்டு முறிந்த எலும்பைச் சேர்க்காது. வலியால் புரண்டு படுக்க முடியாது. சளி தேங்கி நிமோனியா, முதுகில் படுக்கைப் புண், காலில் உறையும் ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பது என ஒவ்வொன்றாக வரும். சில வாரங்களில் உயிர் போனால், "வயசாச்சு, போய்ட்டாங்க" என்று ஊர் சொல்லும். யார் தலையிலும் பழி விழாது. கையெழுத்துப் போட்ட மறுநாள் போயிருந்தால்? அந்தக் கை ஆயுசுக்கும் உறுத்தும்.

இலானா ரிட்டோவ், ஜோனதன் பேரன் என்ற உளவியலாளர்கள் 1990-ல் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்கள். ஒரு நோய் பத்தாயிரம் குழந்தைகளில் 10 பேரைக் கொல்லும். தடுப்பூசியும் சிலரைக் கொல்லக்கூடும், ஆனால் 10 பேரைவிடக் குறைவாக. உங்கள் குழந்தைக்குப் போடுவீர்களா? கணக்கு சாதகமாக இருந்தும் பலர் மறுத்தார்கள். நாம் செய்வதால் வரும் கேடு, செய்யாமல் விடுவதால் வரும் கேட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வார்டு வாசலில் நடப்பதும் இதுதான்.

தொடை எலும்பின் கழுத்து முறிவுக்குக் கூடுமானவரை இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றே பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பலருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தாலே போதும். தம்பியின் விமானத்துக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கும் விலை உண்டு.

அதற்காக எல்லோருக்கும் கத்திதான் வழி என்று ஆகிவிடாது. நெதர்லாந்தில், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மிகவும் தளர்ந்திருந்த, தொடை எலும்பு முறிந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களில் 83 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். செய்துகொண்டவர்களில் 25 சதவீதம். ஆனாலும், இருந்த நாட்களின் தரத்தில் முதல் தரப்பினர் பின்தங்கவில்லை. முடிவு நெருங்குவதை அறிந்தே, மருத்துவரோடு பேசி, வலிக்கு மருந்து உறுதியான பிறகு எடுத்த முடிவு அது. "பார்த்துக்கலாம்" என்று நாள் கடத்தியது அல்ல.

எனவே டாக்டரிடம் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். செய்தால் என்ன ஆகும்? செய்யாவிட்டால் அடுத்த மாதம் எப்படி இருக்கும்? பதிலை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "எழுந்து நடமாடணும்" என்பாரோ, "வலி இல்லாம இருந்தா போதும்" என்பாரோ, அதைக் கேட்ட பிறகு மற்றவர்கள் பேசலாம்.

(அடுத்த வாரம்: டிஸ்சார்ஜுக்குப் பிறகு, வீட்டில் முதல் பத்து நாள்)