எடை குறைக்கப் பட்டினி போடாதீர்கள்! பிள்ளையை குஸ்தியில் சேர்க்கும் பெற்றோரே, உஷார்!

100 கிராம். மளிகைக் கடையில் ஒரு சின்னப் பொட்டலம் மிளகாய்த் தூள்.

அந்த 100 கிராம்தான் 2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்தின் கைக்கு வந்த பதக்கத்தைத் தட்டிப் பறித்தது! 50 கிலோ பிரிவில் இறுதிப்போட்டிக்கு வந்தவர், எடை கூடிவிட்டதால் வெளியேற்றப்பட்டார். ராத்திரி முழுக்க வியர்வை சிந்தியும், தலைமுடியை வெட்டியும் பலன் இல்லை.

"அது ஒலிம்பிக். என் 10 வயசுப் பையனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா?

சம்பந்தம் இருக்கிறது. குஸ்தியில் எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். "ஒரு கிலோ குறைஞ்சா சின்னப் பையனோட மோதலாம். ராத்திரி சோறு வேண்டாம்" என்று சொல்ல யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார்.

3 மாணவர்கள் சாவு

1997-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் 3 கல்லூரி மல்யுத்த மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். எடை குறைக்க ரப்பர் உடை போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்தவர்கள் அவர்கள். உடம்பில் நீர் வற்றி உயிர் போனது. அதன் பிறகே அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடைக்குத் தடை வந்தது.

வளரும் பிள்ளைக்கு எடை கூடத்தான் செய்யும். கூடினால் அடுத்த பிரிவில் இறக்குங்கள். அவ்வளவுதான்!

விழுவதே முதல் பாடம்

டி.வி.யில் நாற்காலியால் அடித்துக்கொள்ளும் மல்யுத்தம் வேறு, இது வேறு. இங்கே அடி, குத்து கிடையாது. எதிராளியைக் கீழே சாய்த்தால் 2 புள்ளி. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1 புள்ளி. இரண்டு தோளும் மெத்தையில் பதிந்துவிட்டால் ஆட்டம் குளோஸ்!

நல்ல வாத்தியார் முதல் நாளே பிடி சொல்லித் தரமாட்டார். உருளவும், அடிபடாமல் விழவும்தான் கற்றுக் கொடுப்பார். வந்த அன்றே பெரிய பையனோடு மோதவிட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

அவசரமும் வேண்டாம். 15 வயதுக்கு உட்பட்டோர் சர்வதேசப் போட்டியிலேயே 13 வயதுப் பிள்ளை இறங்க டாக்டர் சான்றிதழும் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

ஆரம்பத்தில் செலவும் அதிகம் இல்லை. பட்டன், ஜிப் இல்லாத பனியன், டிரவுசர் போதும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தங்கச் சங்கிலி, அரைஞாண் கயிறு வேண்டாம். ஷூவைப் பிறகு வாங்கலாம்.

காது, தோல் ஜாக்கிரதை

மெத்தையைத் தினமும் மருந்து போட்டுத் துடைக்கிறார்களா என்று பாருங்கள். படர்தாமரை ஒருவனுக்கு வந்தால் கூட்டத்துக்கே ஒட்டும். பயிற்சி முடிந்ததும் குளியல், தனித் துண்டு கட்டாயம். தோலில் வட்டமாக அரித்தால் ஆறும்வரை லீவு!

காது வீங்கினால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். உடனே டாக்டரிடம் போகாவிட்டால் காது சுருங்கி, ஆயுளுக்கும் அப்படியே நின்றுவிடும்.

கதவு திறந்திருக்கிறதா?

பாலியல் தொல்லைப் புகார்களுக்கு நியாயம் கேட்டு 2023-ம் ஆண்டில் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்களில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்‌ஷி மாலிக்கும் ஒருவர். அதை மறக்கக்கூடாது.

பெண் பிள்ளையோ, ஆண் பிள்ளையோ, பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் கொடுக்காத கூடம் வேண்டவே வேண்டாம். தனி அறையில் எடை பார்ப்பது, தனியாக வெளியூர் அழைத்துப் போவது எதற்கும் சம்மதிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் 1098-க்கு போன் செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் அது.

பதக்கம் வரும்போது வரட்டும். இன்று ராத்திரி பையன் தட்டில் சோறு இருக்கிறதா? அதைப் பாருங்கள் முதலில்!