அச்சேறுமுன்பே விலங்கா?

1994ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாளிட்ட கடிதமொன்று 'நக்கீரன்' ஏட்டுக்கு வந்தது. விடுத்தவர் சிறைத்துறைத் தலைவர். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடாதே என்பது ஆணை!

ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டவன் சங்கர். அவனுக்காகக் கண்ணீர் சிந்த நாம் வரவில்லை. ஆனால் 1991இல் செங்கற்பட்டுச் சிறையில் அவன் எழுதியதாகச் சொல்லப்பட்ட முன்னூறு பக்கங்களில் இருந்தது என்ன? ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலரோடு அவனுக்கிருந்த உறவு என்றது ஏடு. எல்லாம் பொய், அவன் எழுதவேயில்லை என்றது சிறைத்துறை. பொய்யென்றால் பதற்றம் ஏன்? வெளிவந்த பிறகு வழக்குத் தொடுக்கலாமே!

சென்னிமலையில் தறிக்குழிக்குள் காலிறக்கி உட்காரும் தோழனுக்கு இதை விளக்க வக்கீல் வேண்டாம். நெய்த போர்வையில் இழை அறுந்திருந்தால் கூலியைப் பிடிப்பார்கள், அது வழக்கம். நீ நெய்யப்போகும் போர்வை எனக்குப் பிடிக்காது என்று சொல்லி, பாவு ஏற்றும் முன்பே தறிக்குப் பூட்டுப் போடுவார்களா? போட்டால் பொறுப்போமா?

ஏட்டின் ஆசிரியர் இராஜகோபால், நாடறிந்த நக்கீரன் கோபால், நேரே உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1994 அக்டோபர் 7ஆம் நாள் நீதிபதிகள் ஜீவன்ரெட்டியும் சென்னும் தீர்ப்பளித்தனர். அவதூறு வருமென்று அஞ்சி, அச்சேறுமுன்பே தடுக்க அரசுக்கும் அதிகாரிக்கும் எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. வந்தபின் வழக்காடட்டும் என்றனர். பெண்டகன் இரகசியத் தாள்களை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் ஏட்டுக்காக அமெரிக்க நீதிமன்றம் 1971இல் சொன்னதும் அத்தீர்ப்பில் துணைக்கு வந்தது.

முழு வெற்றியா? இல்லை. சங்கர் எழுதினானா என்பதை நீதிபதிகள் முடிவு செய்யவில்லை. அவன் இசைவில்லாமலே போடுவதானால் பொது ஆவணங்களில் உள்ளதை மட்டும் போடலாம். மிஞ்சினால் அவனுடைய அந்தரங்க உரிமை குறுக்கே நிற்கும் என்றனர். கொலைகாரனுக்கும் அந்தரங்கம் உண்டு; அதிலே நமக்குச் சண்டையில்லை. 1923ஆம் ஆண்டு வெள்ளையன் போட்ட அரசாங்க இரகசியச் சட்டம் ஏடுகளைக் கட்டுப்படுத்தாது என்று பொருளல்ல என்றும் எழுதினரே, அதுதான் உறுத்துகிறது! 2019இல் ரஃபேல் விமான பேரத் தாள்களை 'இந்து' ஏடு வெளியிட்டபோது, டில்லி சர்க்கார் அந்தச் சட்டத்தைத்தான் தூக்கிக்கொண்டு வந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

கோபாலுக்குத் தொல்லை 1994உடன் தீர்ந்ததா? 2000ஆம் ஆண்டு, நம் தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் தூக்கிச் சென்றபோது, இரு மாநில அரசுகளும் யாரைத் தூது விட்டன? அதே கோபாலை! சத்தியமங்கலக் காட்டுக்குள் பலமுறை நடந்தார். 2003இல் ஆட்சி வேறு. தூதுவருக்குப் புதிய பட்டம்: பொடா கைதி! பல மாதம் கொட்டடி. அந்தப் பொடாச் சட்டமே மறு ஆண்டு ஒழிந்தது.

2018 அக்டோபர் 9ஆம் நாள் மறுபடியும் கைது, சென்னை விமான நிலையத்தில். ஆளுநரைப் பற்றி எழுதினாராம்! போட்ட பிரிவு 124. குடியரசுத் தலைவரையும் ஆளுநரையும் தாக்கிப் பணிய வைப்போருக்கான பிரிவு அது. பேனாவால் தாக்கினார் போலும்! எழும்பூர் நீதிமன்றத்தில் 'இந்து' என். ராம் எழுந்து பத்திரிகையுலகின் சார்பில் பேசினார். காவலில் வைக்க நீதிபதி மறுத்தார்; அன்றே கோபால் வெளியே வந்தார்.

2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் போய், வடமொழிப் பெயரோடு புதுச்சட்டம் வந்தது. அந்த 124 மட்டும் போகவில்லை. 151 என்ற எண்ணைச் சூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.