பள்ளி வாயிலுக்கு அப்பால்

பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டுக்குள் அந்நகரிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வேன்சன் அம்மையாரின் முயற்சியால் செவித்திறனற்ற சிறார்க்கும் ஒரு பள்ளி எழுந்தது. இப்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட இயலுமா என்பதே அந்நாளைய வினா. அதற்கு விடை கிடைத்து நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று நம்முன் நிற்கும் வினா வேறு: கல்வி முடிந்து பள்ளி வாயிலைக் கடக்கும் மாணவர் மறுநாள் காலையில் எங்கே செல்கிறார்?

பலர் வீட்டுக்குச் சென்று, அங்கேயே தங்கிவிடுகின்றனர். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இந்திய மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். அவர்களுள் உழைப்போராகப் பதிவானவர் 36 விழுக்காட்டினர், பெண்களுள் 23 விழுக்காட்டினரே. சிறுவரும் முதியோரும் இத்தொகையில் அடங்குவர் எனினும், நிலைமையின் கடுமை மறையவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உரிமை அளிக்கிறது. பள்ளி முடிந்ததும் விடுதி, உடன்பயின்ற தோழர், சைகைமொழி அறிந்த ஆசிரியர் ஆகிய யாவும் ஒரே நாளில் அகன்றுவிடுகின்றன. செவித்திறனற்ற பெண்ணொருத்தி தன் சிற்றூருக்குத் திரும்பும்போது, தன்னோடு உரையாடத் தெரிந்தவர் ஒருவருமில்லாத வீட்டுக்கே திரும்பக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய பள்ளிகள் தொழிற்பயிற்சியைப் புறக்கணித்தன என்று கூறுவது நேர்மையாகாது. பார்வையற்றோர்க்குப் பிரம்பு நாற்காலி பின்னுதலும், செவித்திறனற்றோர்க்குத் தையலும் அச்சுக் கோத்தலும் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டன. அக்காலத்துக்கு அவை ஏற்றவையே. ஆயின் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஈய எழுத்துகளின் இடத்தைக் கணினி பற்றிக்கொண்டது. பார்வையற்றோர் பலருக்குச் சோறிட்ட தொலைபேசி இணைப்புப் பலகையும் தானியங்கியாகிவிட்டது. தொழில் மறைந்த பின்னும் பயிற்சி மட்டும் மறையாமல் தொடர்ந்த இடங்கள் உண்டு. சந்தையில் விலைபோகாத மெழுகுவர்த்தியையும் காகித உறையையும் இரக்கத்தின் பேரில் நாம் வாங்கி மனநிறைவு அடைந்தோம். செய்தவர் கைக்கு வந்த கூலி எவ்வளவு என்று கேட்கவில்லை.

பழைய தொழில்களை அகற்றிய கணினியே புதிய தொழில்களுக்கும் வழிவகுத்துள்ளது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ என்னும் மென்பொருளைப் பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கினர். 2006இல் தொடங்கிய அம்முயற்சியின் பயன் இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. அது தமிழையும் படிக்கிறது.

இதற்கான ஆயத்தம் எப்போது தொடங்குதல் வேண்டும்? மாணவர் 16 வயதை எட்டும்போது அவருடைய பிற்காலப் படிப்பையும் பணியையும் குறித்த திட்டம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் பள்ளிகளைப் பணிக்கிறது. அத்திட்டத்தை ஆராயும் கூட்டத்துக்கு மாணவரையே அழைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இப்பிற்பகுதியே நமக்கு மிகுதியும் தேவை என்று கருதுகிறோம். நம்மிடையே தந்தையாரும் தலைமையாசிரியரும் கலந்து முடிவு செய்வர்; பிள்ளையின் விருப்பத்தை யாரும் கேளார். மேலும், தையலை நன்கறிந்தும் தனியே பேருந்தில் ஏறி இறங்க அறியாதவர் வேலைக்குச் செல்ல இயலாது. ஊதியத்தை எண்ணிப் பெறுதல், நேரம் காத்தல், உதவி வேண்டுமிடத்துத் தயங்காமல் கேட்டல் ஆகியவற்றை 14 வயதிலேயே பழக்கத் தொடங்கலாம்.

அறிவுசார் குறைபாடு உடையோர்க்கு இன்னொரு முறை தேவைப்படுகிறது. வகுப்பறையில் கற்றதை வேறோர் இடத்தில் பொருத்திச் செய்வது அவர்களுள் பலருக்கு அரிது. ஆகவே, பயிற்றுவித்த பின் பணியில் அமர்த்துவதை விடுத்து, பணியில் அமர்த்தி அங்கேயே பயிற்றுவிக்கின்றனர். பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து, வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பகுத்துக் கற்பித்து, நாளடைவில் விலகிக்கொள்கிறார்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியபோது இவர்களுக்கு அதில் பங்கில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 விழுக்காடாக உயர்த்தி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியவற்றையும் சேர்த்தது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. எனினும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டைக் காட்டும் மருத்துவச் சான்றிதழ் இல்லாதவர்க்கு இவ்வொதுக்கீடு எட்டாது. பள்ளியில் இருக்கும்போதே அதனைப் பெற்றுத் தருதல் ஆசிரியர்க்கு எளிது, ஊர் திரும்பிய பின் ஏழைப் பெற்றோர்க்கு அரிது.

வேலை கிடைத்தவுடன் பள்ளியின் கடமை தீர்ந்ததென எண்ணுதல் தவறு. மேலாளர் மாறுகிறார்; வேலைமுறை மாறுகிறது; சைகை புரியாமையால் ஒரு சிறு பூசல் எழுகிறது. அந்த முதல் மாதங்களில் ஆசிரியர் ஒருவர் இரண்டு மூன்று முறையேனும் பணியிடத்துக்குச் சென்று மாணவரோடும் மேலாளரோடும் அமர்ந்து பேச, பள்ளியின் கால அட்டவணையில் நேரமும் கணக்கில் பயணச் செலவும் ஒதுக்கப்பட வேண்டும்.